ஆகாயப் பிரயாணமும் சோதனை வாயிலும்

பிரயாணமும் கல்வியின் ஒரு பகுதியே என்று பெரியோர் கூறுவர். கால்நடையாயும், கட்டுவண்டியிலும், தோணியிலும், புகைவண்டியிலும் சென்ற நம் முன்னோர் வழியிற் கண்டும் கேட்டும் அறிந்தவை பல. ஆகாய மார்க்கமாய்ச் செல்லும் நமக்கோ வழியிற் காண்பதற்கு மேகக் கூட்டமன்றி வேறொன்றும் இல்லை. விமானப் பிரயாணி எதையேனும் கற்க வேண்டுமாயின், அதை விமான நிலையத்தின் வாயிலிலேயே கற்க வேண்டியவனாக இருக்கின்றான். அவ்வாயிலில் நிகழும் தாமதத்தைப்பற்றியும், அதனைக் குறைக்கும் வழிகளைப்பற்றியும், அவ்வழிகளில் எவை நேர்மையானவை என்பதுபற்றியும் நம் மாணவ நண்பர்களோடும், ஆசிரியப் பெருமக்களோடும், பழைய மாணவர்களோடும் சில சொல்ல விழைகின்றோம்.

புதுவையின் வடபால், கடலோரமாயுள்ள வைத்திக்குப்பத்தில் ஆண்டுதோறும் மாசிமகத்தன்று நடைபெறும் தீர்த்தவாரியை நம் வாசகருட் பலர் கண்டிருப்பர். மயிலம் முருகன், திண்டிவனத்துப் பெருமாள், தீவனூர்ப் பிள்ளையார் முதலாகப் பல ஊர்த் தெய்வத் திருவுருவங்கள் அன்று அக்கடற்கரைக்கு எழுந்தருள்விக்கப் பெறுகின்றன. கூட்டம் மிகப் பெரிது; தெருக்களோ குறுகியவை. எனினும் வந்தோர் நின்று, வழிவிட்டு, முறை வந்தபோது நீராடித் திரும்புகின்றனர். அக்குப்பத்து மீனவ மக்களுக்குக் காத்திருத்தல் புதிதன்று. கடலுக்குச் சென்ற கட்டுமரம் கரைசேரும்வரை வெயிலென்றும் மழையென்றும் பாராது நிற்பவர்கள் அவர்கள். ஆயினும் அக்குப்பத்து மூதாட்டி ஒருத்தி விமான நிலையமொன்றிற் கால்மணி நேரம் நிற்க நேர்ந்தபோது அடைந்த துயரத்தை நாம் நேரிற் கண்டோம். இக்கட்டுரை எழுந்ததற்கு அதுவே காரணம்.

அந்நிலையத்தின் பெயர் ஈண்டு வேண்டுவதன்று. மூதாட்டியின் மகன் வளைகுடா நாடொன்றில் தொழில் செய்பவன். முதற்பேரன் பிறந்ததைக் காணத் தாயை வரவழைத்திருந்தான். பெரிய பெட்டியை விமானக் கம்பெனியாரிடம் ஒப்புவித்துவிட்டு, கைப்பையோடு சோதனை வரிசையில் எமக்கு முன்னே நின்றாள். அப்பை எக்ஸ்ரே எந்திரத்தினுட் சென்றது, நிறுத்தப்பட்டது, திறக்கப்பட்டது. உள்ளே ஊறுகாய்ச் சீசா ஒன்று. அரைத்த மிளகாய்த்தூள் பொட்டலம் ஒன்று. துணியிற் சுற்றிய பழைய பாக்குவெட்டி ஒன்று. காவலர் தமக்குத் தெரிந்த மொழியில் ஏதோ கூறினார், அவளுக்கு விளங்கவில்லை. அவர் குரலை உயர்த்தி மறுபடியும் கூறினார். விளங்காத மொழி உரத்துக் கூறுவதால் விளங்கிவிடுமோ? வரிசையிற் பின்நின்றோர் முணுமுணுத்தனர். மூதாட்டி எம்மைத் திரும்பி நோக்கி, “தம்பி, நான் என்ன குத்தம் செஞ்சேன்?” என்று வினவினாள்.

நாம் விஷயத்தை விளக்கினோம். ஊறுகாயும் மிளகாய்த்தூளும் போனதைப்பற்றி அவள் கவலை கொள்ளவில்லை. பாக்குவெட்டி மட்டும் அவள் கணவன் வாங்கித் தந்தது. அவன் கடலில் இறந்து பல ஆண்டுகள் ஆயின. ஒப்புவித்த பெட்டியில் வைத்திருந்தால் அது தடையின்றி உடன் சென்றிருக்கும். பெட்டி போய்விட்டது, வழியனுப்ப வந்தோர் வெளிவாயிலோடு திரும்பிவிட்டனர், விமானம் புறப்படும் நேரமும் நெருங்கியது. பாக்குவெட்டி தொட்டியில் விழுந்தது. மூதாட்டி விமானத்தைப் பிடித்தாள்; ஆனால் தான் ஏதோ குற்றம் புரிந்துவிட்டதாகவே எண்ணிச் சென்றாள். காவலர் செய்தது விதிப்படி சரியே. மூதாட்டியிடத்தும் குற்றமில்லை. இருவருக்கும் இடையே இருந்திருக்க வேண்டிய ஒரு சொல் இல்லாமற் போயிற்று, குறை அதுவே.

நிற்க. இச்சோதனை ஏன் என்பதை முதற்கண் ஆராய்தல் தகும். 1932 அக்டோபர் 15-ஆம் நாள் ஜே. ஆர். டி. தாத்தா கராச்சியினின்று தபால் மூட்டையோடு பம்பாய்க்குப் பறந்தார். அம்மூட்டை அங்கிருந்து நெவில் வின்சென்ட் என்பவரால் பல்லாரி வழியே சென்னைக்குக் கொணரப்பட்டது. அக்காலத்து விமானத்திற்கு அஞ்சத்தக்க பகை காற்றும் மழையுமே. மனிதனுக்கு மனிதன் அஞ்ச வேண்டிய நிலை பின்னரே வந்தது. 1976 செப்டம்பரில் இந்தியன் ஏர்லைன்ஸ் விமானமொன்று கடத்தப்பட்டது. அதனை ஆராய்ந்த பாண்டே குழுவின் பரிந்துரையின்படி 1978 ஜனவரியில் சிவில் விமானப் பாதுகாப்புக்கென ஒரு பிரிவு தோன்றியது. 1987 ஏப்ரல் முதல் நாள் அது தனித் துறையாயிற்று.

இடையில் நிகழ்ந்தவற்றைத் தமிழ்நாட்டார் மறத்தல் அரிது. 1984 ஆகஸ்ட் 2-ஆம் நாளிரவு மீனம்பாக்கத்துப் பன்னாட்டு நிலையத்தில், உரியவர் இன்றிக் கிடந்த பெட்டிகளினின்று குண்டு வெடித்து 30-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அப்பெட்டிகள் கொழும்பு செல்லும் விமானத்தை நோக்கிக் கொணரப்பட்டவை. அவற்றிற்குரிய பிரயாணி விமானம் ஏறவில்லை. அடுத்த ஆண்டு ஜூன் 23-ஆம் நாள் ஏர் இந்தியாவின் ‘கனிஷ்கா’ விமானம் அயர்லாந்துக் கரைக்கு அப்பாற் கடலின்மேல் வெடித்துச் சிதறியது. அதிலிருந்த 329 பேரும் இறந்தனர். அங்கும் பெட்டி சென்றது, பெட்டிக்குரியவன் செல்லவில்லை. ஆளின்றிப் பெட்டி செல்லலாகாது என்று இன்று விமானக் கம்பெனியார் பிடிவாதம் செய்வதும், ஒருவர் வராதபோது அவர் பெட்டியைத் தேடி இறக்குவதற்காக நாம் அனைவரும் இருக்கையிற் காத்திருப்பதும் இக்காரணம் பற்றியே.

பின்னர் 1999 டிசம்பர் 24-ஆம் நாள் காட்மாண்டினின்று தில்லி நோக்கிய விமானம் கடத்தப்பட்டுக் காந்தகாரில் நிறுத்தப்பட்டது. அதனைத் தொடர்ந்து 2000-ஆம் ஆண்டில் விமான நிலையங்களின் காவல், செய்ப்பூரிலிருந்து தொடங்கி, மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையிடம் ஒப்புவிக்கப்பட்டது. 2001 டிசம்பரில் பாரிஸினின்று மயாமி சென்ற விமானத்தில் ஒருவன் பாதரட்சையில் வெடிமருந்து மறைத்து ஏறினான். அதன் விளைவாகப் பின்னர் அமெரிக்க நிலையங்களில் பிரயாணிகள் பாதரட்சையைக் கழற்ற வேண்டியதாயிற்று. 2006 ஆகஸ்டில் திரவ வெடிமருந்தால் விமானங்களை அழிக்கும் சதியொன்று இங்கிலாந்திற் கண்டுபிடிக்கப்பட்டது. அதன்பின் பன்னாட்டுப் பிரயாணியின் கைப்பையில் 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட திரவக்கலம் பெரும்பாலான நிலையங்களிற் செல்லாததாயிற்று.

இவற்றால் அறியத்தக்கது என்னை? நாம் வாயிலிற் சலித்துக்கொள்ளும் ஒவ்வொரு விதியின் பின்னும் ஓர் அழுகுரல் இருக்கின்றது. ஆதலின் சோதனையே வேண்டா என்பார் கூற்றை நாம் ஏற்கோம். ஆயின், சோதனை வேண்டும் என்பதனால் தாமதமும் அவமானமும் வேண்டும் என்பது பெறப்படாது. இவ்விரண்டையும் ஒன்றாக மயங்குவோர் அதிகாரிகளிடையிலும் உளர், பிரயாணிகளிடையிலும் உளர்.

இனி, நம் ஊர்நிலையை நோக்குவோம். வைத்திக்குப்பத்திலிருந்து சில கல் தொலைவில் இலாசுப்பேட்டையில் விமான நிலையம் ஒன்று உண்டு. ஓடுதளம் ஏறக்குறைய 1,500 மீட்டரே ஆதலின் சிறு விமானங்களே அதில் இறங்க வல்லன. அதனை நீட்டிக்கத் தமிழ்நாட்டு எல்லைக்குட்பட்ட நிலமும் வேண்டியிருக்கின்றது. 2013-ல் பெங்களூருக்குத் தொடங்கிய விமானம் நெடுங்காலம் நீடிக்கவில்லை. 2017 ஆகஸ்டில் உடான் திட்டத்தின்கீழ் ஐதராபாத்துக்குத் தொடங்கியது 2020-ல் கொள்ளைநோயால் நின்றது. 2022 மார்ச்சில் மீண்டது. 2024-ல் மறுபடியும் நின்றது. அவ்வாண்டு டிசம்பர் 20-ஆம் நாள் வேறொரு கம்பெனியாரால் பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் மீளத் தொடங்கப்பட்டது. இங்ஙனம் வருவதும் போவதுமாக இருக்கும் வசதியை நம்பிக் குடும்பக் காரியங்களை வகுத்துக்கொள்ளல் எளிதன்று. வெளிநாடு செல்வோருக்கோ சென்னையே கதி.

சென்னை ஏறக்குறைய 150 கிலோமீட்டர். சாலையில் மூன்று மணி நேரம். பன்னாட்டு விமானமாயின் நிலையத்தில் மேலும் மூன்று மணி நேரம். வழியில் நெரிசல் உண்டானால் என்ன ஆகுமோ என்னும் அச்சத்தினால் இன்னுமொரு மணி நேரம். விடியற்காலை விமானத்திற்கு முன்னிரவே புறப்படும் குடும்பங்கள் புதுவையிற் பல. தூக்கமின்றி, உணவின்றி, பிரிவின் துயரோடு வாயிலை அடைபவரிடம் விதியைச் சொல்லுவோர் இன்சொல்லாற் சொல்லல் வேண்டும் என்று கேட்பது மிகையாகுமோ?

வாயிலில் விரைந்து செல்வதற்கு வழி யாது என்று நம் மாணவர் பலர் நம்மை வினவியதுண்டு. விரைவின் பாதி பிரயாணி கையிலேயே இருக்கின்றது. ஆயத்தமாய் வந்தவனுக்குக் கதவு திறப்பதும், வாராதவன் வெளியே நிற்பதும் நம் கல்லூரிக் கோயிலிற் பலகாற் கேட்ட உவமை தானே. அறிந்தோர் பொறுத்தருளுக, அறியாதார்பொருட்டுச் சில கூறுகின்றோம்.

முதலாவது, பெயர். தமிழராகிய நமக்கு இஃது ஒரு தனித் தொல்லை. நாம் தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாக இடுவோம். குடும்பப் பெயர் என்பது நம்மிற் பெரும்பாலார்க்கு இல்லை. விமானக் கம்பெனியின் படிவமோ முற்பெயர், பிற்பெயர் என இரண்டு கேட்கும். ஒருவர் ஒரு சீட்டில் தலைப்பெழுத்தை விரித்தும், மற்றொன்றில் விரியாதும் எழுதிவிட்டு வாயிலில் விழிப்பதை நாம் கண்டிருக்கின்றோம். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகத்தார், கடவுச்சீட்டில் ஒரே பெயர் உடையோர் சுற்றுலா அனுமதியில் வரலாகாது என அறிவித்தபோது மிகவும் கலங்கியவர் நம்மவரே. தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இரண்டாம் பக்கத்தில் இருந்தாற் போதும் என்று பின்னர் விளக்கம் வந்தது. ஆதலின் கடவுச்சீட்டில் உள்ளபடியே, ஓரெழுத்தும் மாறாது, விமானச் சீட்டிலும் பெயர் இருத்தல் வேண்டும்.

இரண்டாவது, பொருள்களைப் பிரித்து வைத்தல். கத்தி, கத்தரிக்கோல், பாக்குவெட்டி முதலிய கூரிய கருவிகளும், ஊறுகாயும், மிளகாய்த்தூளும் ஒப்புவிக்கும் பெட்டிக்கு உரியவை. பவர் பேங்க் என்னும் மின்கலமோ இதற்கு மாறாகக் கைப்பையிலேயே இருத்தல் வேண்டும். பெட்டியிற் கண்டால் உம்மை உள்ளிருந்து திரும்ப அழைப்பர். கொப்பரைத் தேங்காய் எண்ணெய்ப்பசை மிக்கதாய் எளிதிற் தீப்பற்றுவதாகலின் அதனை வீட்டிலேயே விட்டுச் செல்லல் நலம். தீப்பெட்டியும் அவ்வாறே.

மூன்றாவது, வரிசையில் நிற்கும்போதே ஆயத்தமாதல். தட்டு கைக்கு வந்த பின்னரே மடிக்கணினியைத் தேடுவோரும், சட்டைப்பையிற் சில்லறையையும் சாவியையும் துழாவுவோரும், கச்சையைக் கழற்றத் தொடங்குவோரும் தம் நேரத்தை மட்டுமன்றித் தமக்குப் பின்நிற்கும் நூறு பேரின் நேரத்தையும் கவர்கின்றனர். ஒருவர்க்கு ஒரு நிமிடம் ஆயின் நூறு பேர்க்கு எத்துணை என்பதை நம் கணித மாணவர் கூறுவாராக. இவை யாவற்றையும் முன்னரே கைப்பையின் ஓர் அறையில் இட்டுவிட்டால் தட்டில் வைக்கவேண்டியவை இரண்டோ மூன்றோ ஆகும்.

நான்காவது, இருக்கைச் சீட்டை வீட்டிலேயே பெற்றுவிடுதல். ஒப்புவிக்கும் பெட்டி இல்லாதோர் இதனால் ஒரு வரிசையை முழுதும் தவிர்க்கலாம். விமானத்தின் கதவு புறப்படும் நேரத்தில் மூடப்படுவதன்று. பல கம்பெனிகளில் ஏறுவாயில் 25 நிமிடங்களுக்கு முன்னரே மூடப்பெறும் என்பதையும் நினைவிற் கொள்க.

இனி அரசாங்கத்தார் வகுத்த விரைவு வழிகள் இரண்டு உள. 2022 டிசம்பர் முதல் நாள் தில்லி, பெங்களூர், வாரணாசி ஆகிய மூன்று நிலையங்களில் ‘டிஜி யாத்ரா’ தொடங்கப்பட்டது. 2024-ல் சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் வந்தது. பிரயாணியின் முகமே அவனுக்கு அத்தாட்சியாகிக் கதவைத் திறக்கும். உள்நாட்டுப் பிரயாணத்திற்கே அது பயன்படும். மற்றொன்று, விரைவுக் குடியேற்றத் திட்டம். 2024 ஜூன் 22-ஆம் நாள் தில்லியிலும், 2025 ஜனவரி 16-ஆம் நாள் சென்னை முதலிய ஏழு நிலையங்களிலும் தொடங்கப்பட்டது. இந்தியக் குடிகளும், வெளிநாட்டு இந்தியக் குடியுரிமை அட்டை உடையோரும் முன்னரே பதிந்துகொண்டு தானியங்கிக் கதவு வழியே செல்லலாம். 1962-ல் புதுவை சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை விரும்பித் தெரிந்தெடுத்த குடும்பங்கள் நம் ஊரில் அநேகம். பாரிஸுக்கும் புதுவைக்குமாகச் சென்று வரும் அவர்களுள் அவ்வட்டை உடையோர்க்கு இது பெரிதும் உதவும்.

இவற்றை நாம் வரவேற்கின்றோம். எனினும் இரண்டு எச்சரிக்கை கூறாது விடுதற்கில்லை. டிஜி யாத்ரா விரும்பினோர்க்கே உரியது, கட்டாயமன்று. முகத்தைப் பதிவு செய்ய விரும்பாதவர்க்குப் பழைய வாயில் திறந்தே இருத்தல் வேண்டும். அவ்வுரிமை வாயிலருகே யாவரும் காணத் தமிழிலும் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். அன்றியும், முகம் திறப்பது அடையாளம் காட்டவேண்டிய கதவுகளையே. விரைவுக் குடியேற்றமும் கடவுச்சீட்டுச் சோதனையையே விரைவாக்கும். உடலையும் பையையும் ஆராயும் சோதனை செல்வர்க்கும் வறியர்க்கும், பதிந்தவர்க்கும் பதியாதவர்க்கும் ஒன்றே. தாமதம் உண்மையில் நிகழுமிடம் அதுவே. முன்வாயிலில் வெள்ளத்தை விரைந்து விட்டு, பின்வாயிலில் மடையை அகலப்படுத்தாது விட்டால் நீர் நடுவிற் தேங்கும் என்பதை உழவர் மக்கள் அறிவர்.

பணம் கட்டி முன்னே செல்லும் வழிகளைப்பற்றியும் நம் கருத்தைக் கூறிவிடுகின்றோம். உலகின் பல நிலையங்களில் மிகுதொகை கொடுத்தோர்க்கும் உயர்வகுப்புச் சீட்டு உடையோர்க்கும் தனிவரிசை உண்டு. “அவர் தனியே செல்வதால் ஏனையோர் வரிசை குறைகின்றதன்றோ?” என்பர் சிலர். புதிய எந்திரமும் புதிய காவலரும் அப்பணத்தால் அமர்த்தப்பட்டால் அவ்வாதம் ஒருவாறு பொருந்தும். இருக்கும் எந்திரத்தையே, இருக்கும் காவலரையே பங்கிட்டுக்கொண்டு ஒருவர் முன்னே செல்வாராயின், அவர் மிச்சப்படுத்திய பத்து நிமிடம் பிறரிடமிருந்து எடுக்கப்பட்டதே ஆகும். அதனை விரைவு என்று நாம் அழையோம். பாதுகாப்பு என்பது பொதுப்பொருள். அதன் வாயிலில் முதலிடம் பெறத்தக்கவர் முதியோரும், நோயாளரும், கைக்குழந்தை உடையோரும், முதன்முறை செல்வோருமே. இவ்விடத்து நம்மவர் செய்யும் பிழையொன்றையும் மறைத்தல் ஆகாது. நடக்க வல்லோரும் வரிசையைத் தவிர்ப்பதற்காகவே சக்கர நாற்காலி கேட்கின்றனர். உண்மையில் நடக்க இயலாத ஒருவர் அந்நாற்காலிக்காக எங்கோ காத்திருக்கின்றார் என்பதை அவர் எண்ணிப் பார்ப்பாராக.

விதிகள் கல்லிற் செதுக்கியவை அல்ல என்பதற்கும் சான்றுகள் உள. கைப்பைக்குச் சீட்டுக் கட்டி முத்திரையிடும் வழக்கம் 2017 முதல் பெரிய நிலையங்களிற் படிப்படியாக நீங்கியது. அதனால் எத்தீங்கும் விளைந்திலது. 2024 அக்டோபரில், சபரிமலைக்குச் செல்லும் பக்தர் இருமுடியிலுள்ள தேங்காயைத் தக்க சோதனைக்குப்பின் தம்மோடு எடுத்துச் செல்லலாம் என்று, 2025 ஜனவரி 20 வரைக்கும், மத்திய அரசாங்கத்தார் இசைவளித்தனர். அமெரிக்காவில் ஏறக்குறைய இருபதாண்டு நிலவிய பாதரட்சை கழற்றும் விதி 2025 ஜூலையில் விலக்கப்பட்டது. பையைத் திறவாமலே உள்ளிருப்பதை எல்லாப் பக்கமும் காட்டவல்ல புதிய எந்திரங்கள் வந்திருக்கின்றன. அவை உள்ள இடங்களில் மடிக்கணினியை வெளியே எடுக்க வேண்டுவதில்லை. ஆகவே, காவலைக் குறையாது தொல்லையைக் குறைத்தல் இயலாத காரியமன்று; மனமும் பொருளும் வேண்டும்.

எந்திரத்தினும் முற்பட வேண்டுவது மொழி. 2020 ஆகஸ்டில் நாடாளுமன்ற உறுப்பினர் திருமதி கனிமொழி அவர்கள், சென்னை விமான நிலையத்தில் தம்மிடம் தமிழிலோ ஆங்கிலத்திலோ பேசுமாறு கேட்டபோது ‘நீர் இந்தியரா’ என வினவப்பட்டதாக வெளியிட்டார்கள். படையினரும் விசாரணைக்கு ஆணையிட்டனர். நாடறிந்த ஒருவர் சொல்லியதால் அது செய்தியாயிற்று. வைத்திக்குப்பத்து மூதாட்டி சொன்னால் யார் கேட்பர்? காவலர் பலர் வடபுலத்தினின்று வந்து, இரவும் பகலும் நின்று, நம் உயிரைக் காப்பவர். அவரை நாம் இகழோம். தமிழ்நாட்டு நிலையத்துச் சோதனை வரிசை ஒவ்வொன்றிலும் தமிழறிந்தவர் ஒருவரேனும் இருக்கவேண்டும் என்பதும், வடபுலத்து நண்பர்க்குப் பத்துத் தமிழ்ச் சொற்களாவது கற்பிக்கப்படவேண்டும் என்பதுமே நம் வேண்டுகோள். ‘பையைத் திறவுங்கள்’, ‘இது செல்லாது’, ‘அஞ்ச வேண்டா’ என்னும் மூன்றை அறிந்திருந்தாலே அன்று அவள் கண்ணீர் தவிர்ந்திருக்கும்.

ஆதலின் நாம் கேட்பன இவை: சீட்டு வாங்கும்போதே எது கைப்பைக்கு, எது பெட்டிக்கு என்று படங்களோடு தமிழிற் கொடுத்தல், பெட்டியை ஒப்புவிக்கும் மேசையில், கைப்பையில் இன்னின்ன உளவோ என்று ஒருமுறை வாயால் வினவுதல், தடைப்பட்ட சிறுபொருளைத் தொட்டியில் எறியாது, கட்டணம் பெற்றேனும் வீட்டிற்குத் தபாலில் அனுப்ப ஓர் ஏற்பாடு, நெரிசல் வேளையில் எல்லா எந்திரங்களும் ஆளோடு இயங்குதல், முதியோர்க்கும் முதன்முறை செல்வோர்க்கும் கட்டணமின்றித் தனிவரிசை. இவற்றுள் எதற்கும் பெரும் பொருட்செலவு இல்லை.

அரசாங்கத்தாரிடம் கேட்பதோடு நம் கடமை முடிந்துவிடாது. நம் கல்லூரி மாணவர் விடுமுறை நாட்களிற் குப்பங்களுக்குச் சென்று எழுத்தறிவும் சுகாதாரமும் போதித்து வருவது பழைய வழக்கம். அத்தொண்டோடு இதனையும் சேர்த்துக்கொள்ளலாகாதா? வைத்திக்குப்பத்திலும் குருசுக்குப்பத்திலும் வெளிநாடு செல்லக் காத்திருக்கும் தாய்மாரும் தந்தைமாரும் எத்துணையோ பேர். ஒரு மாலைப்பொழுதில் அவர்தம் சீட்டைப் படித்துக் காட்டி, பெயரை ஒப்பிட்டுப் பார்த்து, பையைத் திறந்து பொருள்களைப் பிரித்து வைத்து, வாயிலில் இன்னின்னது நிகழும், அஃது எல்லார்க்கும் நிகழ்வதே, உம்மைக் குற்றவாளியாக எண்ணியன்று என்று சொல்லிவிட்டால், அவர் மறுநாள் தலைநிமிர்ந்து செல்வர். அவர் விரைந்து செல்வதால் அவருக்குப் பின்நிற்கும் நாமும் விரைந்து செல்வோம்.

வரிசையில் முன்நிற்பவருக்கு உதவுவதே நாம் விரைந்து செல்வதற்கு நல்வழி என்பது நம் துணிபு. இவ்வாண்டு கல்லூரியை விட்டு நீங்கி வேலையும் உயர்கல்வியும் நாடி வானூர்தி ஏறப்போகும் நம் மாணவர், தமக்கு முன்னே திகைத்து நிற்கும் முதியவர் ஒருவரைக் காண்பாராயின், கடிகாரத்தை நோக்குமுன் அவர் முகத்தை நோக்குவாராக. அவர் பையில் ஒரு பாக்குவெட்டி இருத்தல் கூடும். பெட்டி மேசைக்குச் செல்லுமுன் அதனைச் சொல்லுவார் ஒருவர் இருந்தாற் போதும்.